மிக்ஸி போட்டாலும் அணையாத அறை

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ பெங்களூர் பஸ் ஏறுகிறாய். உன் அம்மா ஊறுகாய் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் கவர் போட்டுச் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் இந்தக் கடிதம் இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் அவளைத் திட்டு, எழுத்து கோணலாக இருந்தால் என்னைத் திட்டு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன் நான். அப்புறம் இத்தனை வருஷமாக வீடு வீடாக வயரிங் வேலை. அதில் வயரைப் பிடிப்பேன், ஸ்க்ரூ டிரைவரைப் பிடிப்பேன், பேனாவைப் பிடித்ததே இல்லை. பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. நேரில் சொல்லலாம்தான். ஆனால் நேரில் சொன்னால் பாதியில் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன், உனக்கே தெரியும். காகிதத்தில் எத்தனை ஜோக் அடித்தாலும் சொல்ல வந்த விஷயம் எழுந்து ஓடாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். உன்னோடு வேலை பார்க்கப்போகும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒரு அப்பன் இருப்பான்.

இரண்டு மாசத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம், சங்கரா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "என்னாடி, சோத்துக்குள்ள வயர் தேடறியா?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. பெங்களூர் கம்பெனியில் உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்பதை அப்போதுதான் சொன்னாய். உன் அம்மா கரண்டியோடு எழுந்தே நின்றுவிட்டாள். அவள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், "ஆனா நான் போகப்போறதில்லம்மா" என்றாய். "ஏன், அந்த ஊரு குளுருமா?" என்றேன். "இல்லப்பா. நான் போனா இங்க ஆபீஸ்ல புக்கிங் மேனேஜர் நின்னுடும்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த ஆளு நின்னா நிக்கட்டும், கால் வலிச்சா உக்காரட்டும். அவருக்காக நீ ஏன் வேலைய வுடணும்?" என்றேன். அதற்குத்தான் சிரித்தாய். அது ஆள் இல்லை, நீ கம்ப்யூட்டரில் எழுதும் கோடில் ஒரு கிளாஸ் என்றாய்.

அப்புறம் அப்பளத்தை உடைத்து உடைத்து எனக்குப் பாடம் எடுத்தாய். உழவர்கரையில் இருக்கும் உன் சின்னக் கம்பெனி, ஊரில் உள்ள லாட்ஜுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருகிறது. அந்த சாஃப்ட்வேருக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆளை வைத்த மாதிரி கிளாஸ் இருக்கும். அந்த வேலைக்குத் தெரிந்திருக்க வேண்டிய விவரமும், அதைச் செய்யும் விதமும் அந்த ஆளிடம் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு வேலை என்பதுதான் முறை. ஆனால் இந்தப் புக்கிங் மேனேஜர் ரூம் போடும், ரூமை ரத்து செய்யும், வந்தவரின் அடையாள அட்டையைப் பதியும், மெசேஜ் அனுப்பும், காலை டிபனுக்கு எத்தனை பேர் என்று எண்ணும், எந்த ரூமைப் பெருக்க வேண்டும் என்று பட்டியலும் போடும். மொத்தம் நாலாயிரம் வரி. எழுதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுப் போய்விட்டார்கள். டிபன் கணக்கில் ஒரு வரியைத் தொட்டால் பெருக்கும் பட்டியல் காணாமல் போகிறது. எங்கே கை வைத்தால் எங்கே வெடிக்கும் என்பது உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால் உன் மேனேஜர் அம்மா, "இன்னொருத்தர் உன்னக் கூப்பிடாம இதத் தொட முடியணும். அப்பதான் உன்னை விடுவேன்" என்று சொல்லிவிட்டார். பெங்களூர்க்காரர்கள் கொடுத்த கெடு இரண்டு மாசம். "பாவம்டி அது. கல்யாண வூட்டுத் தாய்மாமன் மாதிரி எல்லாத்தையும் தலையில போட்டுக்கினு" என்றாள் உன் அம்மா, ஏதோ தெரிந்தவர் வீட்டு விஷயம் போல.

நீ முதலில் என்ன செய்தாய் என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. "பழசத் தூக்கிப் போட்டுட்டு மொத்தத்தையும் புதுசா எழுதிடறேன்பா" என்று கிளம்பினாய். பத்து நாள் காபி குடித்தாயே தவிர வேறு எதுவும் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் புதுசை ஓடவிட்டாய். ஒன்பது மணிக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு லாட்ஜில் ஒரே ரூமை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. இன்னொன்றில் யாருமே தங்கவில்லை என்று அது காட்டியதால், சமையல்காரர் அடுப்பையே பற்றவைக்கவில்லையாம். மத்தியானத்துக்குள் பழசையே திரும்ப மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல், "வரலன்னு பெங்களூருக்கு மெயில் போட்டுடறேன்" என்றாய்.

அப்போது நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "சரி விடும்மா. இங்க என்ன கொறச்சல்? வூட்டுச் சோறு, பக்கத்துல கடலு." உன் அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த ஃபியூஸும் தாங்கியிருக்காது. "அவரு பேச்ச வுடு" என்று உன்னிடம் சொன்னாள். "மொதல்ல அது என்னா என்னா பண்ணுதுன்னு முழுசா உனக்கே தெரியுமா? நான் இந்த வூட்டுக்கு வந்தப்ப எந்த சுவிட்சப் போட்டா எது எரியும்னு தெரிஞ்சிக்கவே ஆறு மாசம் ஆச்சு. தெரியாம எதையும் புடுங்கக் கூடாதுடி." சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். நீ அப்போதுதான் செருப்பைக் கழற்றினாய்.

மறுநாள் காலையிலிருந்து நீ வேறு மாதிரி ஆரம்பித்தாய். கோடைத் தொடவே இல்லை. அது இப்போது என்ன செய்கிறதோ, அதையெல்லாம் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட்டுகளாக எழுதினாய். ஓட்டினால் பச்சை வரும். எங்காவது உடைந்தால் சிவப்பு வரும். எனக்குப் பிடித்துப்போயிற்று, என் டெஸ்டர் மாதிரியே இருக்கிறதே என்று. ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரே நாள் தங்குகிறவருக்கு நன்றி மெசேஜ் இரண்டு தடவை போகிறது, அது தப்பு. நீயோ 'இரண்டு தடவை போகிறது' என்றே டெஸ்ட் எழுதினாய். "தப்பப் போயி அப்படியே எழுதி வைக்கிறியேடி?" என்றேன். "இப்ப நான் இடத்ததான் மாத்துறேன்ப்பா, குணத்த மாத்தல. ரெண்டையும் ஒண்ணாப் பண்ணா, எதனால உடைஞ்சதுன்னு தெரியாமப் போயிடும். மெசேஜ அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். அன்றைக்கு முழுக்க அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் வயருக்குக் குழாய் பதித்துக்கொண்டே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனை வீட்டில் வயரையும் மாற்றி, சுவிட்சையும் மாற்றி, கூடவே மின்விசிறியையும் மாற்றிவிட்டு, லைட் எரியவில்லையே என்று தலையைச் சொறிந்திருக்கிறேன்!

அப்புறம் வந்தது காலண்டர் தாள் திருவிழா. பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றுவதற்காக உன் அம்மா சேர்த்து வைத்திருந்த போன வருஷத் தேதித் தாள்களை எல்லாம் எடுத்து, பின்பக்கம் ஒவ்வொன்றிலும் அந்தக் கிளாஸ் செய்யும் ஒரு வேலையை எழுதிக் கூடம் முழுக்கப் பரப்பினாய். நான் வேலை முடிந்து வியர்வையோடு வந்தவன், வழக்கம் போல ஃபேனை ஐந்தில் வைத்தேன். நீ போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நாம் மூன்று பேரும் தரையில் தவழ்ந்து பொறுக்கினோம். அதற்குத் தண்டனையாக என்னையும் உட்காரவைத்துவிட்டாய். ஒவ்வொரு தாளையும் தூக்கிக் காட்டி ஒரே கேள்விதான் கேட்டாய்: "இத மாத்தச் சொல்லி யாருப்பா வருவாங்க?" டிபன் எண்ணிக்கையா, சமையல்காரர் வருவார். பெருக்கும் பட்டியலா, துப்புரவு பார்க்கும் அக்கா வருவார். அடையாள அட்டையா, சட்டம் மாறினால் சர்க்கார்காரர் வருவார். அப்படிப் பிரித்ததில் தரையில் ஐந்து குவியல் ஆனது. ஐந்து குவியல், ஐந்து கிளாஸ். "இவ்ளோதானா? இதுக்கா ரெண்டு வாரம் மூஞ்சத் தூக்கி வச்சிருந்த?" என்று கேட்டேன். தலையணையால் அடித்தாய்.

அதற்கப்புறம் நீ ஒரே நாளில் எதையும் பெயர்க்கவில்லை. ஒரு வேலையை எடுத்துப் புது இடத்தில் வைப்பாய், டெஸ்ட் ஓட்டுவாய், பச்சை வந்தால்தான் அடுத்ததைத் தொடுவாய். சாயங்காலம் ஆனால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். லாட்ஜில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பழைய புக்கிங் மேனேஜரையும் நீ துரத்திவிடவில்லை. வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அது வாசலில் நின்று, உள்ளே உரிய ஆளிடம் கேட்டுப் பதில் சொல்லும், அவ்வளவுதான். "உங்கப்பா ரிடயர் ஆனா இப்படித்தான் வாசல்ல சேர் போட்டு உக்காந்துக்குவாரு" என்றாள் உன் அம்மா. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

டிபனில்தான் மாட்டிக்கொண்டாய். அதைத் தனியாக எடுத்த உடனே பெருக்கும் பட்டியலின் டெஸ்ட் சிவப்பாகிவிட்டது. இரண்டு நாள் பார்த்தாய். டிபனுக்கான வரி எல்லாம் சரி, பட்டியலுக்கான வரி எல்லாம் சரி. நான் ஷூ மாட்டிக்கொண்டே, விளையாட்டாகத்தான் சொன்னேன்: "வேற எவனாவது அதே நியூட்ரல்ல தொங்குறானா பாரு." நீ திரும்பி, "அப்படின்னா?" என்றாய். கரண்ட் போவதற்கு ஒரு வயர், திரும்பி வருவதற்கு ஒரு வயர். திரும்பி வரும் வயர்தான் நியூட்ரல். ஒவ்வொரு அறைக்கும் அதைத் தனியாக இழுக்க வேண்டும். சோம்பேறி வயர்மேன் பக்கத்து அறையின் நியூட்ரலிலேயே கோத்துவிடுவான். பார்க்க இரண்டும் தனித்தனியாகத் தெரியும், உள்ளே ஒன்றின் உயிர் இன்னொன்றின் கையில் இருக்கும். இதைச் சொன்னேன். நீ கீபோர்டில் ஏதோ தேடினாய். பத்து நிமிஷத்தில் ஒரு கத்து! 'இன்றைக்கு உள்ளே இருப்பவர்கள்' என்று ஒரு எண்ணிக்கை. சாப்பிடாமல் போகிறவர்களைக் கழித்துவிட்டு டிபன் அதே எண்ணிக்கையிலேயே திரும்ப எழுதியிருக்கிறது. பெருக்கும் பட்டியலும் அதை நம்பித்தான் ஓடியிருக்கிறது. ஆளுக்கு ஒன்று என்று தனியாகக் கொடுத்தாய், பச்சை வந்துவிட்டது. "எப்படிப்பா இவ்ளோ கரெக்டா சொன்ன?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். நான் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வழியெல்லாம் முகம் சுண்டிப்போய் இருந்தது. எப்படிச் சொன்னேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், நீ படித்து முடித்த உடனே, பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி கம்ப்யூட்டரிலேயே இன்டர்வியூ வைத்தது. காலை பதினோரு மணி. நீ மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு உன் அறையில் உட்கார்ந்திருந்தாய். சமையலறையில் உன் அம்மா சட்னிக்கு மிக்ஸி போட்டாள். உன் அறையில் எல்லாம் அணைந்தது. கம்ப்யூட்டரும் போயிற்று, நெட்டும் போயிற்று. நான் அரியாங்குப்பத்தில் இருந்தேன். உன் அம்மா பக்கத்துத் தெரு வயர்மேனைக் கூப்பிட்டாள். அவர் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது அண்ணன் போட்ட கோலம்மா. அவரே வந்து அழிச்சாத்தான் உண்டு" என்று மூடிவிட்டுப் போய்விட்டார். நான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்து சரி செய்வதற்குள் அவர்கள் வேறு பிள்ளைகளைப் பேசி முடித்துவிட்டார்கள். "என்னாச்சுப்பா?" என்று கேட்டாய். "வெளிய கரண்ட் போஸ்ட்ல லூஸ் கான்டாக்ட்" என்றேன். நீயும் அந்தப் போஸ்ட்டை ரொம்ப நாள் திட்டினாய்.

போஸ்ட்டில் ஒன்றுமில்லை பாப்பா. உனக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய வாரம், உன் அறைப் பிளக்குக்குத் தனி நியூட்ரல் இழுக்கச் சோம்பல்பட்டு, சமையலறை நியூட்ரலிலேயே கோத்துவிட்டவன் நான். நாளைக்குச் சரி செய்யலாம் என்று நினைத்தேன். எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. மிக்ஸி இழுத்த இழுப்பில், இரண்டையும் கோத்திருந்த அந்த வயர் முறுக்கு கருகிவிட்டது. கருகலை என் கண்ணால் பார்த்துவிட்டு, மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுத்தான் உன்னிடம் போஸ்ட் கதை சொன்னேன். இதைவிடக் கேவலமான இன்னொன்று இருக்கிறது. நீ வேறு வழி இல்லாமல் உழவர்கரைக் கம்பெனியில் சேர்ந்து தினமும் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தபோது, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் இரண்டு மாசத்துக்கு முன்னால் "சரி விடும்மா" என்று உன்னிடம் சொன்னது. இரண்டாவது தடவையும் உன் கரண்டைப் பிடுங்கப் பார்த்திருக்கிறேன்.

கடற்கரை பக்கத்துத் தெருவில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டுக்கு நான் வயரிங் போட்ட கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் வேறு வயர்மேன் அங்கே போய், போர்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று பெருமையாகச் சொல்வேன். "நீ இல்லேன்னா இந்த வீடு இருட்டு" என்று மதாம் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். அது பெருமை இல்லை, எழுதி வைக்காதவனின் வேலை என்று உன் காலண்டர் தாள்களைப் பொறுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. 'எனக்கு மட்டும்தான் தெரியும்' என்பது இனிப்பாக இருக்கும், பாப்பா. பெங்களூரிலும் ஆறு மாசத்தில் உன்னைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்வார்கள். சொன்னால் சந்தோஷப்படு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே உட்கார்ந்து இன்னொருத்தருக்குப் புரிகிற மாதிரி பிரித்துப் பெயர் எழுதி வைத்துவிடு.

நம் வீட்டு வயரிங்கை நான் ஏன் திடீரென்று பிரித்தேன் என்று கேட்டாய். உன்னைப் பார்த்துத்தான். உன்னைப் போலவே முதலில் எதையும் தொடாமல், எந்த சுவிட்சுக்கு எது என்று நோட்டில் எழுதினேன். நான் அணைக்க அணைக்க உன் அம்மா உள்ளேயிருந்து "போச்சு!" என்பாள். போட்டால் "வந்துடுச்சு!" என்பாள். பாத்ரூம் லைட்டைப் போட்டால்தான் காலிங் பெல் அடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பகலில் வரும் விருந்தாளி எல்லாம் கதவைத் தட்டியே கை வீங்கிப்போனது இதனால்தான். "இத்தன வருஷமா நம்ம சொந்தக்காரங்களுக்குப் பெல்லு அடிக்கத் தெரியலன்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம் ஒரு நாளைக்கு ஓர் அறை. அந்த அறையை முடித்து, சாயங்காலம் எல்லாம் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். உன் அறைக்குத் தனி வயர், தனி நியூட்ரல், தனி சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். 'பாப்பா ரூம்' என்பதில் மட்டும் எழுத்து நன்றாக வந்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை உன் ஆபீசில் தினேஷ், உன் வேலையை எடுத்துக்கொள்ளப்போகும் அந்தத் தம்பி, டிபனை ரூமுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி கோடை மாற்ற வேண்டியிருந்தது. நீ வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்று தடவை எடுத்து, சத்தம் இருக்கிறதா என்று பார்த்தாய். "ரிப்பேராடி?" என்று கேட்டேன். மத்தியானம், "முடிச்சிட்டேன்க்கா, டெஸ்ட் எல்லாம் பச்சை" என்று அவன் மெசேஜ் அனுப்பினான். உன்னை ஒன்றுமே கேட்கவில்லை. உன்னைப் போகவிட அவ்வளவுதான் தேவையாக இருந்தது. நீ சிரித்தாய், கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. "நல்லாத்தான எழுதியிருக்கேன், அப்புறம் ஏம்ப்பா ஒரு மாதிரி இருக்கு?" என்றாய். அப்போது தலையில் ஒரு குட்டுதான் வைத்தேன்.

பதில் புதன்கிழமைதான் கிடைத்தது. நான் வெளியே வேலையில் இருந்தபோது சமையலறையில் கரண்ட் போயிருக்கிறது. உன் அம்மா போர்டைத் திறந்து, பெயரைப் படித்து, கீழே விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, சட்னியை அரைத்து முடித்திருக்கிறாள். எனக்குப் போன் வரவில்லை. சாயங்காலம் டீயோடு, ஏதோ பால்காரன் வந்துபோனது மாதிரி சொன்னாள். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. அப்புறம் அந்த டீயைக் குடித்தேன், நன்றாகவே இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நல்ல வேலை என்று சொல்ல வேண்டும் போல.

நாளைக்கு மதாம் வீட்டுக்குப் போய் அந்தப் போர்டுக்குப் பெயர் எழுதப்போகிறேன். அந்த வீட்டிலும் ஒரு காலிங் பெல் எங்கோ மாட்டிக்கொண்டு இருக்கும், பார்க்கலாம். போஸ்ட் விஷயத்துக்கு நீ என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு, நாலு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டு. அப்புறம் ஒன்று. ஏதாவது உடைந்தால்தான் போன் என்று நாம் இரண்டு பேருமே பழகிவிட்டோம். இனி இங்கே நான் இல்லாமல் லைட் எரியும், அங்கே நீ இல்லாமல் லாட்ஜ் ஓடும். அதனால் ஒன்றுமே உடையாத நாளாகப் பார்த்துக் கூப்பிடு. பதினோரு மணிக்குக்கூடக் கூப்பிடு. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் சத்தமாகப் பேசு.

உன் அப்பா